கேபிள் டிவி படம் உடைகிறதா? எந்தெந்தச் சேனல் என்று முதலில் எழுதுங்கள்

படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றால், ரிமோட்டைத் தட்டுவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். எந்தச் சேனல் உடைகிறது, எது நன்றாக ஓடுகிறது என்று பத்துப் பன்னிரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே கோளாறு பெட்டியிலா, வீட்டு ஒயரிலா, தெருவிலா, கேபிள் நிறுவனத்தின் கண்ட்ரோல் ரூமிலா என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

நான் அனலாக் காலத்தில் கேபிள் லைன் வேலைக்கு வந்தவன். அப்போது படமே கோளாறைச் சொல்லிவிடும். புள்ளி புள்ளியாக இருந்தால் சிக்னல் குறைவு. ஒரு முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் நிழலாகத் தெரிந்தால், எங்கோ ஒரு இணைப்பில் சிக்னல் மோதித் திரும்புகிறது. இரண்டு பட்டைகள் மெதுவாக மேலே ஏறினால், சிக்னலை ஏற்றிக்கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளை போய்க்கொண்டிருக்கிறது. டிஜிட்டலில் இந்த வசதி இல்லை. லைன் பாதி கெட்ட பிறகும் படம் பளிச்சென்று இருக்கும். இன்னும் கொஞ்சம் கெட்டால் ஒரேயடியாக விழும்.

காரணம் இதுதான். டிஜிட்டல் கேபிளில் 188 பைட் கொண்ட ஒவ்வொரு பொட்டலத்தோடும் 16 பைட் கூடுதலாகச் சேர்த்து அனுப்புகிறார்கள். வழியில் 8 பைட் வரை கெட்டுப்போனால் செட்டாப் பாக்ஸே கணக்குப் போட்டுத் திருத்திவிடும். நமக்கு எதுவும் தெரியாது. ஒன்பதாவது பைட்டும் கெட்டால் அந்தப் பொட்டலத்தைத் திருத்த முடியாது. அதனால் "நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது" என்று நீங்கள் சொல்வது உண்மை. லைன் பல மாதங்களாகக் கெட்டுக்கொண்டே வந்தது என்பதும் உண்மை.

ஒரு இடத்தில் எத்தனை சேனல்

அறிகுறிகளுக்குப் போகும் முன் இந்த ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

கேபிள் ஒயருக்குள் அலைவரிசைகள் வரிசையாக அடுக்கிய இடங்கள் போல இருக்கும். நம் நாட்டு அனலாக் முறையில் ஒரு சேனலுக்கு 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். 550 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும் ஆம்ப்ளிஃபயர் போட்ட லைனில் அறுபது எழுபது சேனலோடு இடம் முடிந்துவிடும். அதிலும் எல்லா இடமும் சமமில்லை. பழைய டிவிகளில் பல, நடுவில் உள்ள எஸ் பேண்டையும் ஹைப்பர் பேண்டையும் பிடிக்காது. எல்லா டிவியிலும் தெரியக்கூடிய இடங்களை நாங்கள் பிரைம் பேண்ட் என்போம். அந்த இடம் கிடைப்பதற்காகவே சேனல் நிறுவனங்கள் கேபிள் நிறுவனங்களுக்குக் கேரேஜ் கட்டணம் கொடுத்தன. இடப் பற்றாக்குறை அவ்வளவு கடுமையாக இருந்தது.

டிஜிட்டலில் அலையின் மேல் தகவலை ஏற்றும் முறைக்குக் குவாம் என்று பெயர். அதே 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தில் 64 குவாம் முறையில் நொடிக்குச் சுமார் 38 மெகாபிட் போகும். 256 குவாமில் சுமார் 51 மெகாபிட். படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்பெக்-2 முறையில் ஒரு சாதாரண சேனலுக்கு 3 முதல் 4 மெகாபிட் வேண்டும் என்பதால் ஒரு இடத்தில் பத்து சேனல் உட்காரும். எம்பெக்-4 வந்தபின் அது இருபதைத் தொட்டது. எச்டி என்றால் ஐந்தாறுதான். ஒரு இடத்தில் ஒன்றாக ஏறி வரும் இந்தக் கூட்டத்தை நாங்கள் மக்ஸ் என்று சொல்வோம்.

கோளாறு பார்ப்பதற்கு இதுதான் சாவி. அனலாக்கில் ஒரு இடம் கெட்டால் ஒரு சேனல் போகும். டிஜிட்டலில் ஒரு இடம் கெட்டால் பத்து இருபது சேனல் சேர்ந்து போகும், மற்ற முந்நூறும் நன்றாக ஓடும். ரிமோட்டில் அந்தச் சேனல்களின் எண்கள் அடுத்தடுத்து இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. தமிழ்ச் செய்திச் சேனல் ஒன்றும், இந்திப் பாட்டுச் சேனல் ஒன்றும், குழந்தைகள் சேனல் ஒன்றும் ஒரே மக்ஸில் இருக்கலாம். அதனால்தான் தாளில் எழுதச் சொன்னேன்.

பெரும்பாலான பெட்டிகளில் உடையும் சேனலை வைத்துக்கொண்டு மெனுவில் சிக்னல் பக்கத்துக்குப் போனால் அலைவரிசை எண் தெரியும். 306 என்றோ, 306000 என்றோ இருக்கும். அதோடு நிலை, தரம் என்று இரண்டு பட்டைகள் இருக்கும். மூன்றையும் சேனலுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

அறிகுறி: எந்தச் சேனலும் வரவில்லை, "சிக்னல் இல்லை" என்று வருகிறது

அந்த வாசகத்தை எழுதுவது டிவியா, பெட்டியா என்று முதலில் பாருங்கள். ரிமோட்டில் பெட்டியின் மெனுவை அழுத்துங்கள். மெனு வராவிட்டால் டிவி வேறு இன்புட்டில் இருக்கிறது, அல்லது எச்டிஎம்ஐ, ஏவி ஒயர் கழன்றிருக்கிறது. எனக்கு வரும் "சிக்னல் இல்லை" அழைப்புகளில் பல இங்கேயே முடிந்துவிடும். குழந்தையோ விருந்தாளியோ டிவி ரிமோட்டில் சோர்ஸ் பொத்தானைத் தொட்டிருப்பார்கள்.

மெனு வருகிறது, சேனல் வரவில்லை என்றால் பெட்டியின் பின்னால் உள்ள கேபிள் பின்னைக் கழற்றிப் பாருங்கள். கழற்றும் முன் டிவி, பெட்டி இரண்டின் ப்ளக்கையும் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். நடுவில் உள்ள செம்புக் கம்பி நேராக, பளபளப்பாக, கனெக்டரின் விளிம்பைவிட ஓரிரு மில்லிமீட்டர் வெளியே நீண்டிருக்கவேண்டும். உள்ளே போயிருந்தால் தொடாது. சுற்றியுள்ள வலைக் கம்பியில் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் மொத்த சிக்னலும் தரைக்குப் போய்விடும்.

அதுவும் சரியாக இருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கும் இல்லையென்றால் தெரு ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். உங்கள் வீட்டில் கரண்ட் இருப்பதால் இது பலருக்குத் தோன்றாது. ஆம்ப்ளிஃபயர் இரண்டு தெரு தள்ளி ஒருவர் வீட்டிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும். அங்கே ஒரு ஃபேஸ் போயிருந்தாலோ, வீட்டைப் பூட்டி மெயினை அணைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தாலோ இத்தனை வீட்டுக்கும் படம் வராது. இதில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, கேபிள்காரருக்குச் சொல்லவேண்டும்.

அறிகுறி: சில சேனல்கள் மட்டும் கூட்டமாக உடைகின்றன

அதிகம் வரும் புகாரும் இதுதான், அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். பெட்டியை மாற்றுவார்கள், சரியாகாது. ஸ்கேன் செய்வார்கள், இருந்த சேனலும் போகும். எழுதி வைத்த அலைவரிசை எண்களை இப்போது எடுங்கள்.

மேல் அலைவரிசைகள் மட்டும் உடைகின்றன, அதாவது 600, 700 என்று பெரிய எண்கள்: சிக்னல் போதவில்லை. ஒயர் என்பது எல்லா அலைவரிசையையும் ஒரே அளவு குறைப்பதில்லை. ஆர்ஜி-6 ஒயர் 100 மீட்டர் ஓடினால் 50 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 5 டெசிபல் (சிக்னலின் அளவைச் சொல்லும் கணக்கு) குறையும்; 860 மெகாஹெர்ட்ஸில் 20 டெசிபல் வரை குறையும். மெலிந்த ஆர்ஜி-59 ஒயர் இன்னும் மோசம். அனலாக் நாளில் மொட்டை மாடி வழியாக இழுத்த அந்த மெலிந்த ஒயர் பல வீடுகளில் இன்றும் அப்படியே கிடக்கிறது. அன்று கீழ் அலைவரிசைகளுக்கு அது போதும். டிஜிட்டல் வந்தபோது அனலாக் சேனல்களைக் கீழே விட்டுவிட்டு, புதிய மக்ஸ்களை மேலே அடுக்கினார்கள். பழைய ஒயர் அங்கேதான் திணறியது.

ஒரு ஒயரைப் பல டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரையும் பாருங்கள். இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு பக்கமும் 3.5 முதல் 4 டெசிபல் எடுத்துக்கொள்ளும், நான்கு வழி 7 முதல் 8. முன்பு ஹாலிலும் படுக்கையறையிலும் டிவி இருந்தது, இப்போது ஒன்றுதான் என்றால் ஸ்ப்ளிட்டரை எடுத்துவிட்டு ஒயரை நேராகச் சேருங்கள். ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதி சிக்னல் திரும்பக் கிடைக்கும். எடுக்க முடியாது என்றால் அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள், எத்தனை மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும் என்று அது சொல்லும். 5-1000 என்று இருந்தால் சரி. 5-450 என்றிருந்தால் அது அனலாக் காலத்துச் சரக்கு, மாற்றிவிடுங்கள்.

கீழ் அலைவரிசைகள் மட்டும் உடைகின்றன, மேலே உள்ளவை நன்றாக ஓடுகின்றன: இது பலரைக் குழப்பும். சிக்னல் குறைவென்றால் மேலேதானே முதலில் போகவேண்டும்? இங்கே நடுக்கம்பி எங்கோ ஒடிந்திருக்கிறது, அல்லது கனெக்டருக்குள் தொடாமல் நூலிழை இடைவெளியில் நிற்கிறது. அந்தச் சின்ன இடைவெளி ஒரு கப்பாசிட்டர் போல வேலை செய்யும். உயர்ந்த அலைவரிசை அதைத் தாண்டிப் போய்விடும், தாழ்ந்தது தாண்டாது. சுவர் ஓட்டையில் ஒயர் மடங்கும் இடம், ஜன்னல் கதவு நசுக்கும் இடம், ஒவ்வொரு கனெக்டர், இவற்றை மெதுவாக அசைத்துக்கொண்டே படத்தைப் பாருங்கள். எந்த இடத்தைத் தொட்டபோது படம் வருகிறதோ அங்கேதான் கோளாறு.

நடுவில் அங்கங்கே ஒரு மக்ஸ் விட்டு ஒரு மக்ஸ் உடைகிறது: வீட்டில் யாராவது ஸ்ப்ளிட்டர் போடாமல் இரண்டு ஒயர்களை முறுக்கி டேப் ஒட்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள். முறுக்கிய ஒயரின் மறுமுனை வெறுமனே தொங்கினால், அந்தத் துண்டு குறிப்பிட்ட அலைவரிசைகளை மட்டும் விழுங்கும். ஒரு மீட்டர் துண்டு என்றால் சுமார் 64, 190, 320 மெகாஹெர்ட்ஸ் என்று இடைவெளி விட்டு விட்டு அடிக்கும். பத்து மீட்டர் துண்டென்றால் ஏறக்குறைய 13 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் விழும். சேனல் விட்டுச் சேனல் போவதுபோல் தோன்றும். ஒரு மாடி வீட்டில், பரணுக்குப் பின்னால் அப்படி ஒரு முறுக்கைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது. மூன்று முறை பெட்டி மாற்றிய வீடு அது.

700க்கு மேல் உள்ள சில சேனல்கள், செல்போன் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் உடைகின்றன: நீங்கள் சொன்னால் கேபிள்காரரே நம்பமாட்டார். ஆனால் நடக்கிற விஷயம்தான். 2022ஆம் ஆண்டு அலைக்கற்றை ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியும் செல்போன் சேவைக்குப் போனது. கேபிள் ஒயருக்குள் ஓடும் டிஜிட்டல் மக்ஸ்களும் அதே எண்களில் இருக்கலாம். ஒயரின் வலை முழுசாக இருந்தால் வெளி அலை உள்ளே நுழையாது. கனெக்டர் தளர்ந்திருந்தாலோ, வலை அரித்திருந்தாலோ ஒயரே ஆன்டெனாவாகிவிடும். போனை அடுத்த அறையில் வைத்துப் பாருங்கள். உடைவது நின்றால் கனெக்டரை மாற்றி, கையால் முழுவதும் இறுக்குங்கள். கையால் சுற்றி ஏற்றும் கனெக்டரைவிட, கருவி வைத்து அழுத்திப் பொருத்தும் கனெக்டர் பல மடங்கு மேல். விலையில் சில ரூபாய்தான் வித்தியாசம். அதைக் கேட்டு வாங்குங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன்.

ஒரே ஒரு மக்ஸ் மட்டும், அது தெரு முழுவதும் உடைகிறது: வீட்டில் எதையும் தொடாதீர்கள். கண்ட்ரோல் ரூமில் சேனல்களை ஒயரில் ஏற்றும் மாடுலேட்டரோ, சேனலை இறக்கும் டிஷ்ஷோ கோளாறு. ஒரே ஒரு சேனல் மட்டும் உடைந்து, அதே மக்ஸில் உள்ள மற்றவை ஓடினாலும் அங்கேதான் கோளாறு. செயற்கைக்கோளிலிருந்து எடுக்கும்போதே உடைகிறது என்று பொருள். அங்கே கனமழை பெய்தால் இப்படி ஆகும்.

அறிகுறி: மதியத்தில் மட்டும், அல்லது மழையில் மட்டும் உடைகிறது

மழையில் உடைந்து, காய்ந்ததும் சரியாகிறது என்றால் வெளியே உள்ள ஒரு இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது. அது ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பை அரிக்கும். இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிசயம். வீட்டுக்குள் நுழையும் முன் ஒயர் ஒரு வளைவாகக் கீழிறங்கி மேலேறவேண்டும். அப்போதுதான் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டும், கனெக்டருக்குள் போகாது. நேராக மேலிருந்து கீழே பெட்டிக்குள் இறங்கும் ஒயர், மழைத் தண்ணீருக்குக் குழாய் வைத்த மாதிரி.

மதிய வெயிலில் உடைந்து இரவில் சரியாகிறது என்றால், சிக்னல் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. ஒயர் சூடானால் இழப்பு சற்றுக் கூடும். வெயிலில் வெந்துகொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபயரும் சோர்ந்துபோகும். கத்திரி வெயிலில் இந்தப் புகார் கூட்டமாக வரும். இரவில் வந்து பார்க்கும் டெக்னீஷியன் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விடுவார். அவரை மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்லுங்கள்.

அறிகுறி: சிக்னல் நிலை 95 சதவீதம், ஆனாலும் எல்லாச் சேனலும் உடைகிறது

சிக்னல் அதிகமாக இருப்பதும் ஒரு கோளாறுதான். ஆம்ப்ளிஃபயருக்கு அடுத்த வீடு, அல்லது வீட்டுக்குள்ளேயே பூஸ்டர் போட்டிருக்கும் வீடு என்றால் பெட்டியின் ட்யூனர் திணறிப்போகும். நிலைப் பட்டை முழுசாக நிற்கும், தரப் பட்டை பாதியில் ஆடும். உள்ளே பூஸ்டர் இருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபல் அட்டென்யுவேட்டர் என்று விரல் நுனி அளவில் ஒரு பின் கிடைக்கும், அதைப் பெட்டிக்கும் ஒயருக்கும் நடுவில் போடுங்கள்.

பூஸ்டரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அனலாக் நாளில் பூஸ்டர் போட்டால் புள்ளி குறைந்த மாதிரித் தெரியும். அந்தப் பழக்கத்தில் இன்றும் கடையில் வாங்கிப் போடுகிறார்கள். பூஸ்டர் சிக்னலை ஏற்றும்போது இரைச்சலையும் சேர்த்தே ஏற்றும். தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். தரம் குறைந்த சிக்னலை வீட்டுக்குள் வைத்து நல்லதாக்க முடியாது. சரிசெய்யவேண்டிய இடம் அதற்கு முன்னால், தெருவில் இருக்கிறது.

டெக்னீஷியன் மீட்டரோடு வந்தால் இரண்டு எண்களைக் காட்டச் சொல்லுங்கள். சிக்னல் அளவு 50 முதல் 65 டிபி மைக்ரோவோல்ட்டுக்குள் இருக்கட்டும். இன்னொன்று எம்இஆர், சிக்னல் எவ்வளவு சுத்தம் என்று சொல்லும் எண் அது. 64 குவாமுக்கு 28க்கு மேலும், 256 குவாமுக்கு 34க்கு மேலும் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஒரே தெருவில் 256 குவாம் மக்ஸ்கள் மட்டும் உடைந்து 64 ஓடுவதற்குக் காரணம் இதுதான். ஒரே இடத்தில் அதிகச் சேனலைத் திணித்தால் அதற்குச் சுத்தமான லைன் வேண்டும்.

அறிகுறி: ஒலி வருகிறது, படம் இல்லை

சில சேனலில் மட்டும் இப்படி என்றால் பெட்டி பழையது. எம்பெக்-2 காலத்துப் பெட்டிக்கு எம்பெக்-4 படத்தைப் பிரித்துக் காட்டத் தெரியாது. ஒலி இரண்டிலும் பெரும்பாலும் ஒரே முறையில் வருவதால் அது மட்டும் கேட்கும். அப்டேட் செய்து சரிசெய்ய முடியாது, பெட்டியை மாற்றத்தான் வேண்டும்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. சென்னையில் 2003 செப்டம்பர் 1 முதலே காஸ் எனும் முறை வந்தது. நான்கு பெருநகரங்களில் அன்று அதை நடைமுறைப்படுத்தியது சென்னை மட்டும்தான். கட்டணச் சேனல் வேண்டுமென்றால் பெட்டி வாங்கவேண்டும், இலவசச் சேனல்கள் பழையபடி நேராக டிவியில் தெரியும். 2011 சட்டத் திருத்தத்தோடு முழு டிஜிட்டல் வந்தது. முதல் கட்டமாகச் சென்னை உட்பட நான்கு நகரங்களுக்கு 2012 அக்டோபர் 31, இரண்டாம் கட்டமாகக் கோவை உட்பட 38 நகரங்களுக்கு 2013 மார்ச் 31 என்று கெடு வைத்தார்கள். நான்காம் கட்டம் 2017 மார்ச் 31 வரை நீண்டது. தமிழ்நாட்டில் வழக்குகளால் கெடு தாண்டியும் அனலாக் ஓடியது. அரசு கேபிள் நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததே 2017இல்தான். இத்தனை கட்டங்களில் இத்தனை வகைப் பெட்டிகள் வீடுகளுக்குள் போனதால், ஒரே தெருவில் மூன்று தலைமுறைப் பெட்டிகளைப் பார்க்கலாம். பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் எம்பெக்-4 என்றோ எச்.264 என்றோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக, எச்டி சேனலில் படம் இருந்து ஒலி மட்டும் இல்லையென்றால் பெட்டியின் ஆடியோ அமைப்பில் டால்பி என்பதை மாற்றி பிசிஎம் என்று வையுங்கள். டிவிக்குப் புரியாத ஒலி வடிவத்தைப் பெட்டி அனுப்பிக்கொண்டிருந்திருக்கும்.

அறிகுறி: "சந்தா இல்லை" என்று வருகிறது

இது சிக்னல் கோளாறே அல்ல. சிக்னல் நன்றாக வருகிறது, பூட்டைத் திறக்கும் உத்தரவு மட்டும் வரவில்லை. பெட்டியின் கீழேயோ மெனுவிலோ இருக்கும் விசி எண்ணை, அதாவது உங்கள் கார்டின் அடையாள எண்ணை எழுதி, கேபிள்காரரிடம் சொல்லி மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லுங்கள். உத்தரவு ஒயர் வழியாகவே வருவதால் பெட்டி ஓடிக்கொண்டிருக்கவேண்டும். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் இப்படி வருவது சகஜம். ஒரு சேனலை வைத்துவிட்டு அரைமணி நேரம் விட்டாலே பலசமயம் திறந்துகொள்ளும்.

கார்டு போடும் பெட்டி என்றால், அணைத்துவிட்டுக் கார்டை எடுத்து, பொன்னிறத் தகட்டை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துப் போடுங்கள்.

சில சேனல் மட்டும் பூட்டியிருந்தால் உங்கள் பேக்கில் அது இல்லை. 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி முதல் 100 சாதாரண சேனல்களுக்கு அதிகபட்சம் 130 ரூபாய், அதோடு வரி என்று நெட்வொர்க் கட்டணம் வைத்தார்கள். 2020இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்று ஆனது. 2024இல் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டு, நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டார்கள். எண்ணிக்கையில் ஒரு எச்டி இரண்டு சாதாரண சேனலாகக் கணக்காகும் என்று வைத்திருந்தார்கள். லைனில் அது பிடிக்கும் இடத்தை நினைத்தால் நியாயமான கணக்குதான். கட்டணச் சேனலின் விலை இதற்கு மேல் தனி. உங்கள் சந்தா பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

அறிகுறி: சேனல் எண் மாறிவிட்டது, அல்லது சேனலையே காணோம்

கண்ட்ரோல் ரூமில் வரிசை மாற்றினால் பெட்டி தானாகவே புதுப் பட்டியலை வாங்கிக்கொள்ளும். ஒருமுறை சுவரில் அணைத்துப் போடுங்கள், போதும். அதற்கும் வராவிட்டால் மட்டும் ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேன் செய்யும் முன் ஒரு எச்சரிக்கை. மெனுவில் இருக்கும் முதன்மை அலைவரிசை, சிம்பல் ரேட், குவாம் மூன்றையும் போனில் படமெடுத்து வையுங்கள். சிம்பல் ரேட் பெரும்பாலும் 6875 என்று இருக்கும். இவற்றில் ஒரு எண் மாறினாலும் ஸ்கேன் வெறுங்கையோடு திரும்பும், பழைய பட்டியலும் அழிந்துபோயிருக்கும். சிக்னல் மோசமாக இருக்கும் நேரத்தில் ஸ்கேன் செய்யவே கூடாது. அப்போது தெரியாத மக்ஸ்களையெல்லாம் விட்டுவிட்டுப் பட்டியல் போட்டுக்கொள்ளும். லைனைச் சரிசெய்தபின் ஸ்கேன் செய்யுங்கள்.

அறிகுறி: இரண்டாவது டிவியில் நேராக ஒயர் கொடுத்தால் வெறும் புள்ளி

அனலாக் நாளில் ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டால் எத்தனை டிவியிலும் படம் வரும். இப்போது வராது, ஒவ்வொரு டிவிக்கும் ஒரு பெட்டி வேண்டும். நீங்கள் பார்க்கும் அந்தப் புள்ளிகள் வெற்றிடம் அல்ல. ஒவ்வொரு இடத்திலும் பத்து இருபது சேனல் அதற்குள் இருக்கிறது. பழைய ட்யூனருக்கு அதை இரைச்சலாக மட்டுமே பார்க்க முடிகிறது. புது டிவியில் கேபிள் ட்யூனர் உள்ளேயே இருந்தாலும், சேனல்கள் பூட்டி வருவதால் பெயர் மட்டும் தெரியும், படம் வராது.

ஏவி துளை இல்லாத மிகப் பழைய டிவிக்கு, ஆன்டெனாத் துளை வழியே படம் கொடுக்க ஆர்எஃப் மாடுலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. ஏவி ஒயரை அதில் செருகி, அங்கிருந்து டிவிக்குக் கொடுக்கலாம். பாட்டி வீட்டு டிவியைத் தூக்கிப் போட மனமில்லாதவர்களுக்கு இது நல்ல வழி.

சின்னச் சின்ன அறிகுறிகள்

முகங்கள் அகலமாகத் தெரிந்தால் பெட்டியிலும் டிவியிலும் திரை அளவை 16:9 என்று வையுங்கள். பழைய டிவிக்கு 4:3. சேனல் மாற இரண்டு மூன்று நொடி ஆவது கோளாறல்ல, பூட்டைத் திறந்து முழுப்படம் ஒன்று வரும்வரை பெட்டி காத்திருக்கிறது. பெட்டி தானாக அணைந்து அணைந்து எரிந்தால் அடாப்டர் போய்விட்டது. அதன் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் அதே அளவில் உள்ள வேறொன்றைப் போட்டுப் பாருங்கள்; ஆம்பியர் கூட இருக்கலாம், வோல்ட் மாறக்கூடாது. டிவிக்குப் பின்னால் காற்றோட்டமில்லாத அலமாரியில் பெட்டியை வைக்காதீர்கள்.

கேபிளைத் தொட்டால் சுரீர் என்றால்

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒயரின் வெளி வலை தெருவிலுள்ள எல்லா வீடுகளையும் இணைக்கிறது. எந்த வீட்டில் எர்த் இல்லாமல் மின்கசிவு இருந்தாலும் அது உங்கள் பின் வரை வரும். லேசான கூச்சம் பெரும்பாலும் இரண்டு பின் ப்ளக் உள்ள டிவியிலிருந்து வருவது. பலமாக அடித்தால் தொடவே தொடாதீர்கள், கேபிள்காரரையும் எலக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள். கம்பத்தில் உள்ள இணைப்பை நீங்களாகத் தொடவேண்டாம், அதே கம்பத்தில் மின்வாரிய லைனும் போகிறது. இடி இடிக்கும்போது மின்சார ப்ளக்கை மட்டும் எடுத்தால் போதாது, கேபிள் பின்னையும் கழற்றி வையுங்கள். ஆனால் இடி தொடங்கும் முன்பே கழற்றிவிடவேண்டும், நடுவில் போய்த் தொடக்கூடாது.

கேபிள்காரரிடம் என்ன சொல்வது

"படம் சரியில்லை அண்ணா" என்றால் அவர் பெட்டியோடு வருவார். அவர் கையில் ஒரு நாளைக்கு இருபது முப்பது புகார் இருக்கும். எந்த வீட்டுக்கு என்ன கருவி எடுத்துப்போவது என்று அவருக்குத் தெரியாது. தாளைப் பார்த்து இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணா, 306லயும் 314லயும் இருக்கிற சேனல் எல்லாம் உடையுது. 500க்கு மேல எல்லாம் நல்லா இருக்கு. நிலை எழுபது, தரம் இருபது. பக்கத்து வீட்டுல நல்லா வருது. பெட்டி பின்னாடி பின்னைக் கழட்டிப் போட்டுப் பாத்துட்டேன், மாறல." இதைக் கேட்டால் அவர் பெட்டியை வைத்துவிட்டு, கனெக்டரும் கட்டரும் எடுத்துக்கொண்டு, கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு இறங்கும் ஒயரை நேராகப் பார்க்க வருவார்.